எனக்குத் தேங்காய், அவர்களுக்குச் சங்கிலி

மறியற்காரனின் கைவிலங்கைக் கழற்றிவிட்டால் அவன் கடலில் குதித்து இந்தியா வரைக்கும் நீந்திப் போய்விடுவான் என்று நான் நம்பினேன். சந்தேகம் என்று சொல்லமாட்டேன், முழு நம்பிக்கை. அரசாங்கம் எனக்குக் காக்கிக் கால்சட்டையும் தொப்பியும் திறப்புக் கொத்தும் தந்து, சிறைக்காவலன் என்று பெயரும் வைத்தபோது இந்த நம்பிக்கையையும் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து அனுப்பியிருக்கவேண்டும். இந்தியா எந்தப் பக்கம் என்று யாராவது கேட்டிருந்தால் நான் அண்ணாந்து சூரியனைத் தேடியிருப்பேன். மறியற்காரருக்கு மட்டும் அது அச்சொட்டாகத் தெரியும் என்று நினைத்தேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இன்னும் கலியாணமாகவில்லை. தொப்பை இல்லை, மூளையும் அவ்வளவாக இல்லை. நான் புளியங்கூடல் ஆள். தீவில் பிறந்தவனென்றால் நீந்திக்கொண்டே பிறந்திருப்பான் என்று யாழ்ப்பாணப் பட்டினத்தார் நினைப்பார்கள். எங்கள் வீட்டார் புகையிலைத் தோட்டக்காரர். கடலைப்பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அதிலிருந்து மீன் வரும் என்பதுதான். வெள்ளிக்கிழமைகளில் அதுவும் எங்கள் குசினிக்குள் வராது. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கவே நான் ஆள் பிடிக்கிறவன். அப்படிப்பட்டவனைக் கொண்டுபோய் நாலு பக்கமும் தண்ணீர் உள்ள இடத்தில் காவலுக்கு விட்டார்கள்.

அந்த மறியற்சாலை ஊர்காவற்றுறைக்கு அப்பால் ஒரு சின்ன மணல்திட்டில் இருந்தது. இப்போது இல்லை. சிறு தண்டனைக்காரரை மட்டும் வைத்திருந்த இடம். காலையில் ஆறு பேரை வள்ளத்தில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோவோம். அங்கே ரோட்டுக்குக் கல் உடைப்பார்கள். பின்னேரம் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவோம். காற்று நல்லதென்றால் அரை மணித்தியாலப் பயணம். காற்றுக் கூடாதென்றால் எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். வள்ளக்காரர் கூலிக்கு வந்த ஊர்காவற்றுறை ஆள். பாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துச் சிரிப்பதைத் தவிர அதிகம் கதைக்கமாட்டார்.

வள்ளத்தில் ஏறுமுன் ஒவ்வொருவர் கையிலும் விலங்கு விழும். ஆறு விலங்குகளுக்குள்ளாலும் ஒரு நீளச் சங்கிலி ஓடும். சங்கிலியின் நுனியை வள்ளத்தின் அடியில் அறைந்திருந்த இரும்பு வளையத்தில் பூட்டவேண்டும். திறப்பு என் பையில். வள்ளம் தண்ணீருக்குள் தாண்டால் மறியற்காரரும் சேர்ந்து தாழவேண்டும் என்று யாரும் சட்டம் எழுதி வைக்கவில்லை. ஓடிவிடக்கூடாது என்று யோசித்தவர்கள் அந்த இடத்தோடு யோசனையை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

எனக்கு மட்டும் நான் ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். நீந்தப் பழகுகிற பிள்ளைகள் இரண்டு முற்றிய தேங்காய்களை உரிக்காமல் சோடியாகக் கட்டி, நெஞ்சுக்குக் கீழே வைத்து மிதப்பார்கள். நன்றாகக் காய்ந்த தேங்காய்களாகப் பார்த்து அப்படி ஒரு சோடி கட்டி, தினமும் வள்ளத்தில் என் காலடியில் வைத்துக்கொள்வேன். கேட்பவர்களுக்கு, வைரவர் கோயில் நேர்த்தி, அக்கரைக்குப் போகும்போது கொடுக்கவேண்டும் என்று சொல்லிவைத்திருந்தேன். மாதக்கணக்காக அதே தேங்காய் போய்ப் போய்த் திரும்பி வந்தது.

"உங்கட வைரவர் இன்னும் கதவு திறக்கேல்லையோ ஐயா?" என்று ஒருநாள் கேட்டவர் நெடுந்தீவார்.

நெடுந்தீவார் என்று நாங்கள் கூப்பிட்டது நெடுந்தீவுக் கடற்தொழிலாளி ஒருவரை. என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். வலையை அறுத்துவிட்டான் என்று ஒருவனைத் துடுப்பால் அடித்துக் கையை முறித்துவிட்டு உள்ளே வந்தவர். நல்ல மனிதர் என்று சொல்லமாட்டேன். கடதாசிச் சீட்டு விளையாட்டில் கள்ளம் செய்வார். தான் பிடித்த சுறாவின் நீளம் ஒவ்வொரு கிழமையும் ஒரு முழம் வளரும். கரையில் என்னை 'ஐயா' என்பார், வள்ளம் கரையை விட்டதும் 'தம்பி' என்பார். மற்ற ஐந்து பேரில் ஒருவர் கசிப்புச் சாராயம் காய்ச்சியவர், பெரிய உடம்புக்காரர். ஒருவன் பட்டினத்துச் சைக்கிள் கள்ளன். மிச்ச மூன்று பேரும் வேலிச் சண்டையில் ஒன்றாக உள்ளே வந்த சகோதரர்கள், வயல் உழுகிற கமக்காரர்.

நெடுந்தீவாரின் தண்டனை முடிய இன்னும் கொஞ்சக் காலம்தான் இருந்தது. ஒழுங்காக நடந்தால் தண்டனை நாளில் கிடைக்கும் கழிவையும் சேர்த்தால், சோளகக் காற்றுப் பலக்குமுன் வெளியே போய்விடுவார். அது அவருக்கு உயிர்ப் பிரச்சினை. சோளகம் தொடங்கினால் தீவுப்பக்கக் கடல் கொதிக்கும். வலையும் வள்ளமும் வைத்திருக்கிற சம்மாட்டி ஆட்களைக் கூட்டிக்கொண்டு முல்லைத்தீவுக் கரைக்குப் போய், அங்கே ஓலைக் கொட்டில்களால் வாடி அடித்துத் தொழில் செய்வார். நெடுந்தீவாரின் சம்மாட்டி ஒருமுறை பார்க்க வந்தபோது நான் பக்கத்தில் நின்றேன்.

"நான் வெளிக்கிடுற அண்டைக்கு நீ நிண்டால் உன்ர இடம் உனக்கு," என்றார் சம்மாட்டி. "நிக்காட்டி எனக்குக் கோவம் இல்லை. ஆனா இடமும் இல்லை."

மறியலுக்குப் போய் வந்தவனுக்கு வேறு எந்தச் சம்மாட்டியும் இடம் கொடுக்கமாட்டான் என்பது நெடுந்தீவாருக்குத் தெரியும். எங்கள் மேலிடமும் மறியற்காரரை வெளியுலகத்துக்கு ஆயத்தப்படுத்தாமல் இல்லை. மாதத்தில் ஒருநாள் ஓய்வுபெற்ற கனவான் ஒருவர் வந்து, உண்மையாய் வாழவேண்டும் என்று ஆங்கிலம் கலந்து சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். பிரம்புக் கதிரை பின்னவும் பழக்கினோம்.

"நெடுந்தீவில ஆர் ஐயா பிரம்புக் கதிரையில குந்துறது?" என்று நெடுந்தீவார் அந்தக் கனவானிடமே கேட்டார். "அங்க கட்டாக்காலியாத் திரியிற குதிரையோ?"

கனவான் அதற்கும் ஒரு தேத்தண்ணி குடித்தார்.

ஒருநாள் பின்னேரம் திரும்பி வரும்போது சோளகம் நாள் பார்க்காமல் வந்துவிட்டது. ஒரு அலை பக்கவாட்டில் ஏறி வள்ளத்துக்குள் இறங்கியது. முழங்கால்வரை தண்ணீர். சகோதரர்கள் மூன்று பேரும் ஒரே குரலில் தாயைக் கூப்பிட்டார்கள். நான் வீரமாக எழுந்து, பூட்டைத் திறக்கிறேன் என்று திறப்பை எடுத்து, அதை நேராக வள்ளத்துத் தண்ணீருக்குள் போட்டேன். பிறகு முழங்காலில் நின்று சங்கிலிக்கும் கால்களுக்கும் நடுவே தடவினேன். கசிப்புக்காரரின் பெருவிரலைப் பிடித்து இழுத்து, இது திறப்பில்லை என்று அவர் சொல்லும்வரை விடவில்லை. வள்ளக்காரர் பாயை இறக்கி ஒருமாதிரி வள்ளத்தை நிமிர்த்தினார். திறப்பு கரைக்கு வந்த பிறகுதான் அகப்பட்டது. அத்தனை நேரமும் என் இடது கை மட்டும் தேங்காய்களை விடவில்லை. அதை எல்லாரும் பார்த்தார்கள்.

அடுத்தநாள் காலை விலங்கைப் போட நான் போனபோது நெடுந்தீவார் இறங்குதுறைக் கல்லில் குந்திக்கொண்டிருந்தார். கையை நீட்டவில்லை.

"சங்கிலியில்லாமல் எண்டால் ஏறுவன்," என்றார். "கல்லும் உடைப்பன். சங்கிலியோட ஏறமாட்டன்."

"என்னப்பா விசர்க்கதை கதைக்கிறீர். எழும்பும்."

"எழும்பலாம். ஏற ஏலாது."

சைக்கிள் கள்ளன் அவருக்குப் பக்கத்தில் போய்க் குந்தினான். பிறகு சகோதரர்கள், வயதுக்கிரமமாக. கசிப்புக்காரர் குந்தக் கொஞ்சம் நேரம் எடுத்தது, உடம்பு அப்படி.

ஜெயிலர் ஐயா வந்தார். இஸ்திரி குலையாத மனிதர். எனக்கு அவரைக் கண்டால் கடலைக் கண்டமாதிரித்தான்.

"வேலைக்குப் போகமாட்டன் எண்டால் கழிவு வெட்டுப்படும். தெரியுமோ?" என்று நெடுந்தீவாரிடம் கேட்டார்.

"தெரியும் ஐயா."

"உன்ர சம்மாட்டி உனக்காகக் காத்துக்கொண்டு நிக்கமாட்டார்."

"அதுவும் தெரியும் ஐயா."

ஜெயிலர் ஐயா என்னைப் பார்த்தார். "நாளைக்குக் காலமை இவை சங்கிலியோட ஏறவேணும். ஏத்துறது உம்மட பொறுப்பு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பகல் முழுக்க நான் நெடுந்தீவாரின் அறைக் கம்பிக்கு முன்னால் ஒரு வாங்கைப் போட்டு இருந்து கெஞ்சினேன். காவலன் மறியற்காரனைக் கெஞ்சுவதைப் பார்க்கப் பக்கத்து அறைகளில் நல்ல கூட்டம்.

"இன்னும் கொஞ்ச நாள்தானே அண்ணை," என்றேன். பயத்தில் எனக்கு உறவுமுறை தானாக வந்துவிடும். "கண்ணை மூடிக்கொண்டு ஏறுமன்."

"கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம். கையை மூடிக்கொண்டு நீந்த ஏலாது."

"வெளியில போற நேரத்தில ஏன் உமக்கு இந்த வேலை?"

"வெளியில போறதுக்கு முதல் ஆள் உயிரோட இருக்கவேணுமல்லோ. உங்கட ஐயாமார் வந்து என்னென்னவோ எல்லாம் பழக்கினவை. இதை மட்டும் ஒருத்தரும் பழக்கேல்லை."

கடைசியில் நான் என் பெரிய மூளையைப் பாவித்தேன். "சரி, ஒரு வழி சொல்லுறன். ஜெயிலர் ஐயா பாக்கக்குள்ள சங்கிலியைப் போடுவம். வள்ளம் கொஞ்சத் தூரம் போன பிறகு நான் கழட்டிவிடுறன். ஒருத்தருக்கும் தெரியாது."

நெடுந்தீவார் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "ஒளிச்சோ? ஒளிச்சுச் செய்தால் நாங்கள் ஏதோ பிழை செய்தமாதிரி. கழட்டுறதெண்டால் அவர் பாக்கக் கழட்டும்." பிறகு கம்பிக்குக் கிட்ட வந்தார். "இல்லாட்டி நான் ஒண்டு சொல்லுறன், கேளும். நாளைக்கு உம்மட தேங்காயைக் கரையில வைச்சிட்டு நீர் முதலில ஏறும். நீர் தேங்காய் இல்லாமல் இருந்தீரெண்டால் நாங்கள் ஆறு பேரும் சங்கிலியோட ஏறுறம். ஒரு கதை கதைக்கமாட்டம்."

பக்கத்து அறையில் சைக்கிள் கள்ளன், "இது ஞாயம்," என்றான்.

இதைவிடச் சுலபமான பேரம் எந்தக் காவலனுக்கும் கிடைத்திருக்காது. ஒரு சோடி தேங்காயைக் கரையில் வைக்கவேண்டும், அவ்வளவுதான். நெடுந்தீவாரின் கழிவு தப்பும், சம்மாட்டியிடம் அவருடைய இடம் தப்பும், என் உத்தியோகமும் தப்பும். ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை காற்று நின்றபாடில்லை. அலைகளின் தலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. ஆறு பேரும் வரிசையில் நின்றார்கள். ஜெயிலர் ஐயா கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நின்றார். நான் தேங்காய்களை இறங்குதுறைக் கல்லில் வைத்தேன். வலது காலைத் தூக்கி வள்ளத்தில் வைத்தேன். இடது கால் வரவில்லை. பெரிய மனுசத்தனமாக இருமிப் பார்த்தேன். தொப்பியைச் சரிசெய்தேன். கால் கரையிலேயே நின்றது. வள்ளம் மெல்ல விலக, என் இரண்டு கால்களும் இரண்டு தேசத்துக் கால்கள்போல் பிரியத் தொடங்கின. வள்ளக்காரர் என் இடுப்புப் பட்டியில் பிடித்துத் தள்ளித்தான் என்னைத் திரும்பக் கரையில் விட்டார்.

நான் போய் என் தேங்காய்களை எடுத்தேன். நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது: கை சும்மா இருக்கிற எனக்கே இது இல்லாமல் ஏற முடியவில்லை. இவர்களுடைய கையை இரும்பிலே பூட்டி, இரும்பை வள்ளத்திலே பூட்டி, திறப்பை என்னைப்போல ஒரு ஆளிடம் கொடுத்திருக்கிறார்கள்.

"ஐயா," என்றேன் ஜெயிலர் ஐயாவிடம். குரல் ஆட்டுக்குட்டிக் குரலாக வந்தது. "எனக்குப் பயமாயிருக்கு. எனக்குப் பயமெண்டால் இவைக்கும் பயமாத்தான் இருக்கும். சங்கிலி போட ஏலாது."

"என்ன?"

"போடமாட்டன், ஐயா."

"ஓடினால்?"

"ஓடினால் பிடிக்கலாம். கடலுக்குள்ள தாண்டால் பிடிக்க ஏலாது."

அது நான் யோசித்துச் சொன்னதில்லை. பயந்தவன் வாயில் சிலவேளை நல்ல கதை வந்துவிடும். திறப்பை அவருடைய கையில் வைத்தேன். ஆறு விலங்குகளையும் சங்கிலியையும் அவருடைய பளபளத்த சப்பாத்துக்குப் பக்கத்தில் போட்டேன். அவர் சுற்றிப் பார்த்தார். திருப்பிக் கட்டாயப்படுத்துவதென்றால் வேறு காவலனைப் பிடிக்கவேண்டும். மற்றக் காவலர் இரண்டு பேரும் அந்த நேரம் பார்த்து வானத்தில் கொக்கு எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"நீர் இதுக்கு மறுமொழி சொல்லவேண்டி வரும்," என்று மட்டும் சொன்னார்.

ஏறினோம். நெடுந்தீவார் முதலில், நான் கடைசியில். கரை விலகியதும் என் பழைய நம்பிக்கை திரும்பி வந்தது. இப்போது குதிப்பார்கள், இதோ குதிக்கப்போகிறார்கள் என்று ஒவ்வொரு முதுகாகப் பார்த்தேன். சைக்கிள் கள்ளன் மூக்கைச் சொறியக் கையைத் தூக்கினான். நான், "குதியாதை," என்று கத்தினேன். அவன் பயந்து கசிப்புக்காரரின் மடியில் விழுந்தான். அதற்குள் ஒரு அலை ஏறியது. நெடுந்தீவார் எழும்பி வள்ளக்காரரோடு பாயைப் பிடித்தார். மற்றவர்கள் தகரப் பேணிகளால் தண்ணீரை இறைத்தார்கள். இறைத்த தண்ணீரில் பாதி என் முகத்தில் விழுந்தது. கை சும்மா இருந்ததால் இறைத்தார்கள். இரண்டு நாளைக்கு முன் அந்தக் கைகள் எல்லாம் சங்கிலியைத்தான் இழுத்துக்கொண்டிருந்தன.

"தம்பி, ஏன் உப்பிடி எங்களை எண்ணிக்கொண்டிருக்கிறீர்?" என்று நெடுந்தீவார் கேட்டார்.

"நீங்கள் நீந்திப் போயிடுவியள் எண்டுதான்."

"ஆர் நீந்துறது?" அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "நீந்தத் தெரிஞ்ச ஆக்கள் கையைத் தூக்குங்கோ பாப்பம்."

அவருடைய கை மட்டும் மேலே போனது. வள்ளக்காரர் சும்மா ஒத்தாசைக்குத் தன்னுடையதையும் தூக்கினார். சகோதரர்கள் பேணிகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். கடலை நான் நம்பாத அளவுக்கு அவர்களும் நம்பவில்லை. அத்தனை மாதமும் நான் காவல் காத்தது, கிணற்றடியிலேயே வழுக்கி விழுகிற ஐந்து பேரை.

"ஐயா," என்றார் கசிப்புக்காரர், மிகவும் பணிவாக. "அந்தத் தேங்காய் ஒரு சோடிதானோ இருக்கு?"

அக்கரை சேர்ந்தோம். அன்று கல் உடைத்தார்கள். ரோட்டால் சைக்கிளில் போன என் மாமா, "என்ன மருமோன், ஆரை ஆர் காவல் காக்கிறியள்?" என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்கும் அதுதான் தெரியவில்லை. பின்னேரம் ஆறு பேரும் என்னோடு திரும்பினார்கள். இறங்குதுறையில் ஜெயிலர் ஐயா தானே நின்று எண்ணினார். நம்பாமல் இரண்டாம்முறையும் எண்ணினார். ஆறுதான்.

விசாரணைக்குக் கொழும்பிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கட்டளையை மீறியது பிழை, மன்னிப்புக் கேட்டு எழுதித் தந்தால் காரியத்தை இதோடு முடிக்கலாம் என்று நல்லவிதமாகச் சொன்னார். எழுதுவதற்குப் பேனாவும் தந்தார். எனக்கு ஜெயிலர் ஐயாவிடம் பயம், கொழும்பிடம் பயம், அந்தப் பேனாவிடமும் பயம். வியர்வையில் கடதாசி ஒட்டியது. ஆனால் மன்னிப்பு என்ற சொல்லை எழுதப் போனபோது, கசிப்புக்காரரின் பெருவிரலைப் பிடித்து இழுத்த என் கைதான் ஞாபகம் வந்தது. அந்தக் கையை நம்பி ஆறு உயிரைப் பூட்டியவர்கள்தான் எழுதித் தரவேண்டும்.

"ஐயாவும் ஒருக்கா வள்ளத்தில வாங்கோ," என்றேன். "கையில விலங்கைப் போட்டுக்கொண்டு, அந்த வளையத்தில பூட்டிக்கொண்டு, ஒருக்கா அக்கரைக்குப் போயிட்டு வாங்கோ. வந்து, சங்கிலி போடத்தான் வேணும் எண்டு சொன்னீங்களெண்டால் நான் எழுதித் தாறன்."

அவர் ஜன்னலால் கடலைப் பார்த்தார். காற்று இன்னும் விடவில்லை. பேனாவைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்தது இவ்வளவுதான். என்னை வன்னியில், குளத்தைத் தவிர வேறு தண்ணீர் இல்லாத ஒரு மறியற்சாலைக்கு மாற்றினார்கள். என் இடத்துக்கு வந்த காவலன் முதல்நாள் சங்கிலியோடு போனபோது ஆறு பேரும் திரும்பக் குந்திவிட்டார்கள். இரண்டாம்நாள் அவன் சங்கிலியைக் கொண்டுபோகவில்லை, யாரும் கேட்கவுமில்லை. அந்த வள்ளத்திலிருந்து ஒருவரும் ஓடவில்லை. வேலை மறுத்த குற்றத்துக்காக நெடுந்தீவாரின் கழிவு வெட்டப்பட்டது. அவர் வெளியே வந்தபோது சம்மாட்டியின் ஆட்கள் முல்லைத்தீவுக்குப் போய்விட்டார்கள். அவர் லொறி ஒன்றில் ஏறிப் பின்னால் போனார். வள்ளத்தில் அவருடைய இடத்தில் வேறு ஆள் இருந்தான். அந்தச் சோளகம் முழுக்க அவர் வாடியில் கருவாடு காயப்போட்டார். அடுத்த வருசச் சோளகத்துக்குச் சம்மாட்டி அவரை வள்ளத்தில் ஏற்றினார்.